தண்ணீருக்குள் ஒரு ரயில் நிலையம்

தைவானின் தலைநகரான தைபேயில், மத்திய ரயில் நிலையத்தின் பெரிய மண்டபத்துக்குள் போனால் ஒரு ரயிலும் கண்ணில் படாது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட தரை, அதில் சம்மணமிட்டுக் கதைபேசும் கூட்டம், வெகு உயரத்தில் கூரை. தண்டவாளங்கள் எல்லாம் காலுக்குக் கீழே. 1989இல் பழைய ரயில் பாதை பூமிக்குள் இறங்கியது. 1997இல் மெட்ரோ, 1999இல் அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு மெட்ரோ, 2007இல் மணிக்கு 300 கி.மீ. ஓடும் அதிவேக ரயில், 2017இல் விமான நிலைய மெட்ரோ என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

பழைய ரயிலும் அதிவேக ரயிலும் இரண்டாம் அடித்தளத்தில் அக்கம்பக்கத்தில்தான் நிற்கின்றன. ஆனால் ஒன்றின் பாதையில் மற்றது ஓட முடியாது. முன்னதன் தண்டவாள அகலம் 1,067 மி.மீ., பின்னதற்கு 1,435. நகரத்து மெட்ரோக்கள் இன்னும் கீழே, மூன்றாம் நான்காம் அடித்தளங்களில்.

இவ்வளவையும் எந்த மண்ணில் தோண்டினார்கள் தெரியுமா? தைபே மலை சூழ்ந்த பள்ளம். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய களிமண்ணும் நுண்மணலும் சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு மாறி மாறிப் படிந்திருக்கின்றன. அதற்கும் அடியில் நீர் நிறைந்த சரளைப் படுகை.

காலிக் குடத்தைக் கிணற்று நீரில் அமுக்கினால் கையை மேலே தள்ளுமே, ஈர மண்ணில் புதைத்த நிலையமும் அப்படித்தான் எழும்பப் பார்க்கும். நிலத்தடி நீர்மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே தளம் இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் நீர் 15 டன் விசையோடு மேலே தள்ளும். அதை அடக்குவது கட்டடத்தின் எடையும், தளத்துக்கும் கீழே ஆழமாக இறங்கும் பக்கச் சுவர்களும்தான். அந்தச் சுவர் கட்டும் விதம் அழகானது. ஒடுக்கமான பள்ளம் தோண்டி, அது சரியாதபடி பென்டோனைட் களிக் குழம்பால் நிரப்புவார்கள். கம்பிக் கூட்டை இறக்கி, குழாய் வழியே அடியிலிருந்து கான்கிரீட் ஊற்ற, குழம்பு மேலே வந்துவிடும். சுவர் இறுகிய பிறகே உள்ளே மண்ணை அள்ளுவார்கள்.

ஒரு காலத்தில் தைபே கணக்கில்லாமல் கிணற்று நீரை உறிஞ்சியது. சில இடங்களில் நிலம் 2 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கட்டுப்பாடு வந்த பிறகு நீர்மட்டம் மீண்டும் ஏறியது. நகரத்துக்கு நல்ல சேதி, பொறியாளர்களுக்குத் தலைவலி.

அடியிலிருந்து வரும் நீரை இப்படிச் சமாளித்தவர்களை, 2001 செப்டம்பரில் மேலிருந்து வந்த நீர் தோற்கடித்தது. நாரி சூறாவளி ஒரே நாளில் 400 மி.மீ.க்கு மேல் கொட்டியது. கீலுங் ஆறு கரை கடந்தது. சுரங்கங்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஓரிடத்தில் புகுந்த வெள்ளத்துக்கு அவையே வாய்க்காலாயின. மத்திய நிலையமும் மூழ்கியது. மெட்ரோ முழுமையாக மீள ஏறத்தாழ மூன்று மாதம் பிடித்தது.

பிறகு வெள்ளத் தடுப்பை இறுக்கினார்கள். இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் மட்டத்துக்கும் மேலே 110 செ.மீ. வரை பாதுகாப்பு என்பது தைபே மெட்ரோவின் அளவுகோல். அங்கே போக நேர்ந்தால் மெட்ரோ வாசல்களைக் கவனியுங்கள்: பல இடங்களில், கீழே இறங்குவதற்கு முன் சில படிகள் மேலே ஏற வேண்டியிருக்கும்.