வேக ரெயில் வரலாம். பாட்டி ஏற முடியுமா?

திண்டிவனம், விழுப்புரம் நிலையங்களின் பிளானில் அதிகாரிகள் பார்க்க வேண்டியவை

சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கு ஒரு புதிய ரெயில் பாதை!

தூரம் 167 கிலோ மீட்டர். ரெயிலின் வேகம் மணிக்கு 160 கிலோ மீட்டர்.

இப்படி ஒரு பாதை போட முடியுமா என்று ஆராயப்படும் என 2025 மார்ச் 14-ந் தேதி தமிழக சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு வாசித்த பட்ஜெட்டில் இந்த அறிவிப்பு இருந்தது.

சென்னை - காஞ்சீபுரம் - வேலூர் பாதையும் (140 கிலோ மீட்டர்), கோவை - திருப்பூர் - ஈரோடு - சேலம் பாதையும் (185 கிலோ மீட்டர்) அதே அறிவிப்பில் இடம் பெற்றன. ஆராயும் பொறுப்பு சென்னை மெட்ரோ ரெயில் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

செய்தியைப் படித்தவர்கள் எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

ரெயில் வேகமாக ஓடினால் மட்டும் போதுமா? நாம் அதில் ஏற வேண்டாமா?

நிலையம் எங்கே இருக்கும்? எத்தனை படி ஏற வேண்டும்? மழை பெய்தால் தண்ணீர் புகுமா? இவற்றை எல்லாம் முடிவு செய்வது ரெயில் அல்ல. மேஜை மீது விரித்து வைத்த ஒரு காகிதம். அதுதான் நிலையத்தின் பிளான். அதை நாலு அதிகாரிகள் சுற்றி நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கையெழுத்து நம் பேரன் பேத்தி காலம் வரை நிற்கும்.

என்ன ரெயில் இது?

ஒரு காலத்தில் சென்னைத் தெருக்களில் டிராம் வண்டி ஓடியது. 1895-ல் வந்தது, 1953-ல் நின்றது. தெருவிலேயே மணியடித்துக் கொண்டு மெதுவாகப் போகும்.

இப்போது சொல்லப்படும் ரெயில் அதற்கு நேர் மாறு. தனிப் பாதையில் போகும். "மித அதிவேக ரெயில்" என்று இதற்குப் பெயர். மெட்ரோ ரெயில் ஓர் ஊருக்குள் ஓடும். இது ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடும்.

வடக்கே இந்த ரெயில் ஏற்கெனவே வந்து விட்டது. டெல்லி - மீரட் பாதை மொத்தம் 82 கிலோ மீட்டர். முதல் 17 கிலோ மீட்டர் 2023 அக்டோபர் 20-ந் தேதி திறக்கப்பட்டது. "நமோ பாரத்" என்பது ரெயிலின் பெயர். 82 கிலோ மீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும் என்பது அங்கே போட்ட கணக்கு.

அந்தக் கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். 167 கிலோ மீட்டர் என்பது டெல்லிப் பாதையைப் போல் இரு மடங்கு. ஆகவே சுமார் 2 மணி நேரம் ஆகும்.

"இப்போதே எக்ஸ்பிரஸ் ரெயிலில் எழும்பூரிலிருந்து இரண்டேகால், இரண்டரை மணி நேரத்தில் விழுப்புரம் போகிறோமே, பெரிய லாபம் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்!

லாபம் வேகத்தில் மட்டும் இல்லை. எக்ஸ்பிரஸ் ரெயில் அதற்குரிய நேரத்தில்தான் வரும். அதை விட்டால் அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும். டவுன் பஸ் போல அடிக்கடி வந்து கொண்டே இருப்பதுதான் புதிய ரெயிலின் பலம்.

இந்த லாபமும் நமக்கு மிச்சமாக வேண்டுமானால் நிலையம் சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

அறிவிப்பு வேறு, ரெயில் வேறு

அறிவிப்பு வந்ததும் ரெயில் வந்து விடாது. திண்டிவனத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு 70 கிலோ மீட்டர் பாதை போட 2006-07 ரெயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. 2025 முடியும் வரை அதில் ரெயில் ஓடவில்லை. அன்று பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதுக்கு வந்து விட்டது!

புதிய பாதைக்கும் பல படிகள் உண்டு. முதலில் சாத்தியமா என்ற ஆய்வு. பிறகு விரிவான திட்ட அறிக்கை. பிறகு மாநில அரசின் சம்மதம், மத்திய அரசின் சம்மதம், கடன், டெண்டர். நடுவில் எந்த இடத்திலும் திட்டம் நிற்கலாம். கோவை, மதுரை மெட்ரோ ரெயில் திட்ட அறிக்கைகளை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது நினைவிருக்கும்.

அப்படியானால் நிலையத்தைப் பற்றி இவ்வளவு சீக்கிரம் ஏன் பேச வேண்டும்?

காகிதத்தில் இருக்கும்போது கோட்டை ரப்பரால் அழிக்கலாம். கான்கிரீட் போட்ட பிறகு அழிக்க முடியாது. அதனால்தான்!

எந்த இடம்?

செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக் கொள்வோம். அந்தப் பக்கத்தில் பாட்டியை "ஆயா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயாவுக்குச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க வேண்டும். பேரன் கூட வருகிறான். கையில் ஒரு துணிப்பை, சாப்பாட்டுத் தூக்கு.

இருவரும் பஸ்ஸில் திண்டிவனம் வந்து இறங்குகிறார்கள். வேக ரெயில் நிலையம் எங்கே?

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகும் தூரத்தில் இருந்தால் ஆயா பிழைத்தாள். ஊருக்கு வெளியே நாலு கிலோ மீட்டரில் இருந்தால் ஆட்டோ தேட வேண்டும். ரெயிலில் மிச்சமாகும் நேரம் ஆட்டோவுக்குக் காத்திருப்பதிலேயே போய் விடும். மிச்சமாகும் பணமும் போய் விடும்.

ஊருக்கு வெளியே நிலம் மலிவு. வீடுகளை இடிக்க வேண்டியதில்லை. ஆகவே அங்கே நிலையம் வைத்தால் கட்டும் செலவு குறையும். ஆனால் அந்தச் செலவைப் பிரயாணிகள் தினமும் தங்கள் பையிலிருந்து கொடுத்துக் கொண்டே இருப்பார்கள். பிளான் பார்க்கும் அதிகாரிகள் இந்த இரண்டாவது கணக்கையும் போட வேண்டும்.

இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டாம். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. பெரிய கட்டிடம், நல்ல வசதி. ஆனால் திறந்த அன்று பக்கத்தில் ரெயில் நிலையம் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி ரெயிலுக்குப் போக நடை மேம்பாலமும் இல்லை. இரண்டு வேலையும் பிறகுதான் நடந்தன. இடைப்பட்ட காலத்தில் விழுப்புரம் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள், பிள்ளையையும் பெட்டியையும் தூக்கிக் கொண்டு இன்னொரு பஸ் தேடினார்கள்.

டெல்லியில் ஆனந்த விகார் என்ற இடத்தில் வேறு விதமாகச் செய்தார்கள். ரெயில்வே நிலையம், மெட்ரோ நிலையம், பஸ் நிலையம் எல்லாம் இருக்கும் இடத்திலேயே பூமிக்கு அடியில் வேக ரெயில் நிலையத்தைக் கட்டினார்கள். 2025 ஜனவரி 5-ந் தேதி அது திறக்கப்பட்டது. வேலை கஷ்டம்தான். பிரயாணிக்குச் சுலபம்.

80 படி!

ஆயா நிலையத்துக்கு வந்து விட்டாள். பாதை தூண்களின் மேல் போகிறது. ரெயில் மேடை தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கணக்குப் போடுங்கள்.

ஒரு படி 15 சென்டி மீட்டர் உயரம். 12 மீட்டருக்கு 80 படி!

"ஏன்டா தம்பி, இன்னும் எத்தனை படி?"

"பாதிதான் வந்திருக்கோம் ஆயா. மெதுவா ஏறு."

படிக்குப் பதில் சக்கர நாற்காலி போகும் சரிவுப் பாதை போடலாமா? அதற்கு ஓர் அளவு உண்டு. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். 12 மீட்டர் ஏற 144 மீட்டர் நீளம் ஆகும். அதில் நாற்காலியைத் தள்ளிக் கொண்டு போக முடியுமா?

ஆகவே லிப்ட் அவசியம். அதுவும் ஒன்று போதாது. ஒன்று பழுதானால் இன்னொன்று ஓட வேண்டும். சாலையின் ஒரு பக்கத்தில் மட்டும் லிப்ட் இருந்தால், மறு பக்கம் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டியிருக்கும்.

டெல்லி - மீரட் நிலையங்களில் ஸ்ட்ரெச்சரோடு நோயாளியை ஏற்றும் அளவுக்கு லிப்ட் பெரிதாக இருக்கிறது. ரெயில் பெட்டியிலும் ஸ்ட்ரெச்சர் வைக்க இடம் உண்டு. பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. மேடையின் ஓரத்தில் கண்ணாடிக் கதவு இருக்கிறது. ரெயில் வந்து நின்ற பிறகுதான் அது திறக்கும். குழந்தை தவறி விழாது.

விழுப்புரம் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. இந்தப் பாதையில் போகிறவர்களில் நோயாளிகள் நிறைய இருப்பார்கள். அவர்களுக்குப் பெரிய லிப்ட் ஆடம்பரம் அல்ல.

51 சென்டி மீட்டர் மழை

2024 நவம்பர் 30-ந் தேதி இரவை இந்தப் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டி மீட்டர் மழை கொட்டியது. ஒரு வருஷத்தில் பெய்யும் மழையில் கிட்டத்தட்டப் பாதி, ஒரே நாளில்!

டிசம்பர் 2-ந் தேதி காலை விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரெயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. ரெயில்கள் நிறுத்தப்பட்டன. விழுப்புரம் புதிய பஸ் நிலையத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவதும் ஊரறிந்த விஷயம்.

அதே சமயம் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை நகரமே தத்தளித்தது. அப்போது கோயம்பேடு - ஆலந்தூர் மெட்ரோ ரெயில் ஓடியது. பாதை தூண்களின் மேல் இருந்ததுதான் காரணம்.

ஆனால் மேலே ரெயில் ஓடி, கீழே வாசலில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே பிளானில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். பழைய வெள்ளம் எந்த அளவு வந்தது? வாசல் அதற்கு மேல் இருக்கிறதா? நிலையம் அமையும் இடம் ஏரியின் வழியையோ வாய்க்காலின் வழியையோ அடைக்கிறதா? இதை உள்ளூர் விவசாயியைக் கேட்டால் நின்ற இடத்திலேயே கை காட்டுவார்.

அமாவாசைக் கூட்டம்

சாதாரண நாள் கூட்டத்தைக் கணக்குப் பார்த்து நிலையம் கட்டினால் இந்தப் பகுதியில் போதாது.

அமாவாசை தோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்கு ஜனங்கள் திரள்கிறார்கள். பவுர்ணமி தோறும் திருவண்ணாமலை கிரிவலம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையே தெற்கே கிளம்புகிறது.

ஆபத்து நேர்ந்தால் மேடையில் உள்ள அத்தனை பேரும் 4 நிமிஷத்தில் மேடையை விட்டு வெளியேற வேண்டும். 6 நிமிஷத்தில் பத்திரமான இடத்தை அடைய வேண்டும். உலகின் பல நாடுகளில் ரெயில் நிலையம் கட்டும்போது பார்க்கும் விதி இது. மாடிப்படியின் அகலத்தை இதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். நம் நிலையங்களுக்கு எந்த நாள் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவது? புதன்கிழமையையா, அமாவாசையையா? இதை அதிகாரிகள் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஐந்து திசை விழுப்புரம்

விழுப்புரம் பெரிய ஜங்ஷன். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கம் ரெயில் பிரிகிறது. புதுச்சேரிப் பாதை 1879-லேயே வந்தது.

2023 ஆகஸ்ட் 6-ந் தேதி நாடெங்கும் 508 ரெயில் நிலையங்களைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டப்பட்டது. அவற்றில் விழுப்புரமும் ஒன்று.

வேக ரெயில் நிலையம் இந்த ஜங்ஷனை ஒட்டி வந்தால், ஒரே கூரைக்குக் கீழ் ரெயில் மாறி ஐந்து திசைக்கும் போகலாம். தனியாக எங்கோ வந்தால் பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஆட்டோவில் ஓட வேண்டும். பழைய ரெயில் நிலையம் ஒரு துறை. புதிய ரெயில் வேறு துறை. பஸ் இன்னொரு துறை. மூன்று துறை அதிகாரிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே பிளானைப் பார்த்தால்தான் இது நடக்கும்.

சின்ன விஷயங்கள்

சில விஷயங்கள் பிளானில் ஒரு சின்னக் கட்டமாகத்தான் இருக்கும். ஆனால் அவை இல்லாவிட்டால் தெரியும்!

கழிப்பிடம் எங்கே? டிக்கெட் கதவுக்கு உள்ளேயா, வெளியேயா? இரு பக்கமும் வேண்டும்.

குடிதண்ணீர் இலவசமாகக் கிடைக்குமா?

செல்போன் இல்லாதவர் காசு கொடுத்து டிக்கெட் வாங்க ஒரு ஜன்னல் இருக்குமா?

பலகைகளில் தமிழ் எழுத்து பெரிதாக இருக்குமா? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் படமும் வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்குத் தரையில் மேடு வைத்த மஞ்சள் ஓடு வேண்டும். அது வாசலிலிருந்து மேடை வரை விட்டுப் போகாமல் தொடர வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

பிளான் பார்ப்பது அதிகாரிகளின் வேலைதான். ஆனால் காகிதத்தில் தெரியாதது ஊர்க்காரருக்குத் தெரியும். எந்த முனையில் தண்ணீர் நிற்கும், எந்த மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் கடப்பார்கள், கடைசி பஸ் எப்போது போகும் என்பதெல்லாம் அளவுகோலில் வராது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறை தீர்க்கும் நாள் நடக்கிறது. கிராமசபைக் கூட்டங்கள் இருக்கின்றன. நகராட்சி கவுன்சிலர் இருக்கிறார். "பிளானை ஊர் நடுவே ஒட்டி வையுங்கள், நாங்களும் பார்க்கிறோம்" என்று ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம்.

திண்டிவனத்துக்குத் திந்திரிணி வனம் என்பது பழைய பெயர் என்பார்கள். திந்திரிணி என்றால் புளி. புளியங்காடாக இருந்த ஊர்! வழிப்போக்கர்கள் வண்டியை அவிழ்த்து விட்டு அந்த நிழலில் இளைப்பாறியிருப்பார்கள். அங்கே ஏறப் படியும் கிடையாது. நுழையக் கதவும் கிடையாது.

புதிய நிலையம் வரும் நாளில் ஆயாவும் பேரனும் பஸ்ஸை விட்டு இறங்கி, நனையாமல் நடந்து, மூச்சு வாங்காமல் மேலே போய் ரெயிலில் உட்கார வேண்டும். மேஜை மேல் இருக்கும் பிளானில் இதற்கு வழி இருக்கிறதா என்று பார்த்து விட்டுக் கையெழுத்துப் போடட்டும்.