நாற்பத்தெட்டு நிமிடமும் நள்ளிரவும்

1980 மே 16, வெள்ளிக்கிழமை இரவு. பிலடெல்பியாவில் என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் தூணான கரீம் அப்துல் ஜப்பார் கணுக்கால் காயத்தால் ஊரிலேயே தங்கிவிட்டார். அவர் இடத்தில் சென்டராக இறங்கியவர் 20 வயது மேஜிக் ஜான்சன். என்.பி.ஏ.வில் அது அவருக்கு முதல் ஆண்டு. 42 புள்ளிகள், 15 ரீபவுண்டுகள், 7 அசிஸ்ட்டுகள் எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தார். கூடைப்பந்தில் தனி ஒருவர் ஆடிய மிகச் சிறந்த ஆட்டங்களில் இதுவும் ஒன்று. அதை அமெரிக்காவின் பெரும்பகுதி நேரலையில் பார்க்கவே இல்லை. சி.பி.எஸ். தொலைக்காட்சி மாலை நேரத்தைத் தன் தொடர்களுக்கு வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் பதிவை இரவு பதினொன்றரைக்கு மேல்தான் போட்டது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்களில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்?

அன்றைய என்.பி.ஏ.வுக்குத் தொலைக்காட்சியிடம் பேரம் பேசும் பலம் இல்லை. 1981 இறுதித் தொடரிலும் பல ஆட்டங்கள் இப்படியே பின்னிரவுக்குத் தள்ளப்பட்டன. 1982 முதல்தான் இறுதித் தொடர் முழுதும் நேரலைக்கு வந்தது. பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர் லேரி பேர்டும் மேஜிக்கும் மோதிய ஆண்டுகள் அவை. 1984-இல் டேவிட் ஸ்டெர்ன் என்.பி.ஏ.வின் ஆணையரானார். 1998-இல் மைக்கேல் ஜோர்டான் சிகாகோ புல்ஸுக்காக ஆடிய கடைசி ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 3 கோடியே 59 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆட்டம் அதே ஆட்டம்தான். மக்கள் விழித்திருக்கும் நேரத்தில் அது அவர்கள் வீட்டுக்கு வந்தது.

நேரம் இந்த லீகின் தலையெழுத்தை மாற்றியது அதுவே முதல்முறை அல்ல. 1950 நவம்பர் 22-இல் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. இரண்டு அணிகளும் சேர்ந்து 48 நிமிடத்தில் எடுத்தது 37 புள்ளிகள். முன்னிலை பெற்ற அணி பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் தடுக்க அன்று விதி கிடையாது. எதிரணிக்கு ஃபவுல் செய்வதைத் தவிர வேறு வழியும் இல்லை. அரங்குக்குக் காசு கொடுத்து வந்தவர்கள் ஃப்ரீ த்ரோக்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு விடை கண்டவர் சிராக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன். தான் ரசித்த நல்ல ஆட்டங்களில் இரண்டு அணிகளும் ஆளுக்கு 60 முறை கூடையை நோக்கி எறிந்திருந்ததை அவர் கவனித்தார். 48 நிமிடம் என்றால் 2,880 விநாடி. அதை 120-ஆல் வகுத்தால் 24. அந்த 24 விநாடிக் கெடு, அதாவது ஷாட் கிளாக், 1954-55 பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. அணியின் சராசரி புள்ளி 79-லிருந்து 93-க்கு ஏறியது. கோப்பையும் பியாசோனின் அணிக்கே போனது. இந்த மாற்றத்தில் என்னைக் கவர்வது ஒன்று உண்டு: ஆட்டத்தின் நீளத்தில் அவர் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்கவில்லை. ஆட்டம் நடக்காத நேரத்தைத்தான் வெட்டினார்.

இன்று இதே கேள்வி வேறு வடிவில் வந்திருக்கிறது. 48 நிமிட ஆட்டம் முடிய இரண்டேகால் மணி நேரம் ஆகிறது. அணிக்கு ஏழு டைம் அவுட். ஒவ்வொரு குவார்ட்டரிலும் 6.59 நிமிடம், 2.59 நிமிடம் மிச்சமிருக்கும் கட்டங்களுக்குள் எந்த அணியும் டைம் அவுட் கேட்காவிட்டால், நடுவர் மேசையே ஆட்டத்தை நிறுத்தி அதை ஓர் அணியின் கணக்கில் எழுதும். விளம்பரத்துக்கு இடம் வேண்டுமே! இது போதாதென்று வீடியோ மறுபார்வை, 2019 முதல் பயிற்சியாளரின் மேல்முறையீடு. கடைசி இரண்டு நிமிடம் சில இரவுகளில் பதினைந்து நிமிடமாக நீள்கிறது. மனம் துடிக்க வேண்டிய அந்தக் கட்டத்தில்தான் பார்ப்பவர் கைபேசியை எடுக்கிறார்.

லீக் சும்மா இருக்கவில்லை. 2014 அக்டோபரில் புரூக்ளின் நெட்ஸ், பாஸ்டன் செல்டிக்ஸ் அணிகளை வைத்து 44 நிமிடப் பயிற்சி ஆட்டம் ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். 1 மணி 58 நிமிடத்தில் முடிந்தது, ஆனால் முறை தொடரவில்லை. 2017-இல் இரு அணிகளுக்கும் சேர்த்து 18 டைம் அவுட் இருந்ததை 14 ஆக்கினார்கள். அது சரியான வெட்டு. 2025 தொடக்கத்தில் ஆணையர் ஆடம் சில்வர், குவார்ட்டரைப் பத்து நிமிடமாக்கி மொத்தம் 40 நிமிடம் ஆடலாமே என்று பேசினார். உலகக் கூட்டமைப்பான ஃபிபாவின் ஆட்டங்கள் 40 நிமிடம்தான் என்பது அவர் தரப்பு.

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஃபிபா ஆட்டம் விரைவாக முடிய 40 நிமிடம் மட்டும் காரணமல்ல. அங்கே அணிக்கு ஐந்தே டைம் அவுட். எட்டு நிமிடத்தை எடுத்தால் போவது விளையாட்டு. இடைவெளிகள் அப்படியே நிற்கும். பெஞ்சிலிருக்கும் எட்டாவது, ஒன்பதாவது வீரனின் வாய்ப்பு போகும். இருபது புள்ளி பின்தங்கிய அணி திரும்பி வரும் அவகாசம் போகும். பியாசோன் செய்த கணக்கை இன்னொரு முறை செய்தால் போதும்: இன்னும் இரண்டு டைம் அவுட்டைக் குறையுங்கள், மறுபார்வைக்குக் கறாராகக் கெடு வையுங்கள்.

ஒளிபரப்பு நேரத்தில் இன்னும் பெரிய அநியாயம் நடக்கிறது. பல ஆண்டுகளாக இறுதித் தொடரின் வார நாள் ஆட்டங்கள் கிழக்குக் கரை நேரப்படி இரவு ஒன்பதுக்குத் தொடங்கின. இப்போது எட்டரை. நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ பத்து வயதுப் பிள்ளை முடிவைப் பார்க்காமல் தூங்கப் போகிறது. அந்தப் பிள்ளைதானே இருபது ஆண்டுக்குப் பின் டிக்கெட் வாங்க வேண்டியவர்? 2025-26 முதல் டிஸ்னி, என்.பி.சி., அமேசான் மூன்றும் 11 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 7,700 கோடி டாலர் தருகின்றன. இலவச அலைவரிசையில் முன்பைவிட அதிக ஆட்டங்கள் வருவது நல்லது. எல்லாவற்றையும் பார்க்க நினைப்பவர் மட்டும் பல சந்தாக்களைக் கட்ட வேண்டியிருக்கிறது.

பேர்டும் மேஜிக்கும் மோதிய அந்த 1980-களில் இறுதித் தொடரின் ஞாயிறு ஆட்டங்கள் பிற்பகலில் நடந்தன. கிழக்கில் மாலை நான்கு மணி என்றால் மேற்கில் பகல் ஒன்று. இரண்டு கரையிலும் குழந்தைகள் விழித்திருப்பார்கள். இன்று அதே ஞாயிறு ஆட்டம் கிழக்கில் இரவு எட்டுக்குத் தொடங்குகிறது. நமக்குத் திங்கள் காலை ஐந்தரை. பிற்பகலுக்கு மாற்றினால் இந்தியாவில் பார்க்கும் நமக்கு அது இரவு ஒன்றரை மணி ஆகிவிடும், தூக்கம் கெடும். ஆனாலும் லீக் அந்த ஞாயிறு ஆட்டங்களையாவது பிற்பகலுக்கே திருப்ப வேண்டும். 48 நிமிடத்தில் கை வைக்கும் யோசனையை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.