இண்டிகேட்டர் போடுவது கட்டாயமா?

வண்டியைத் திருப்பும்போது இண்டிகேட்டர் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். லேன் மாறும்போதும் போட வேண்டுமா? ஆம், இரண்டுக்கும் கட்டாயம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 121-வது பிரிவு, ஓட்டுநர் உரிய சைகைகளைக் காட்டியே ஆக வேண்டும் என்கிறது. எங்கே, எப்படிக் காட்டுவது என்பதை 2017-ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அவற்றை மீறினால், 2019-இல் சேர்க்கப்பட்ட 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம்.

எவ்வளவு முன்னால் போடுவது?

60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். பின்னால் வருபவர் விளக்கைக் கவனித்து வேகத்தைக் குறைக்க மூன்று நொடியாவது வேண்டும். அதற்குள் 50 மீட்டர் கடந்துவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே இண்டிகேட்டர் போட்டால் அவருக்கு அந்த அவகாசம் கிடைக்காது. ‘பின்னால் யாரும் இல்லையே’ என்று விட்டுவிடுவதும் ஆபத்து. கண்ணாடியில் தெரியாத மூலையில் ஒரு பைக் வந்துகொண்டிருக்கலாம்.

அதே சமயம், இண்டிகேட்டர் போட்டுவிட்டால் வழி நமக்கே என்று ஆகிவிடாது. கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பக்கவாட்டில் ஒருமுறை திரும்பிப் பார்த்து, இடம் இருந்தால் மட்டுமே நகர வேண்டும்.

தவறான பழக்கங்கள்

நாற்சந்தியில் நேராகப் போவதைக் காட்ட நான்கு விளக்குகளையும் எரியவிடுகிறார்கள். இடப்பக்கம் நிற்பவரின் கண்ணுக்கு இடது விளக்கு மட்டுமே தெரியும். வண்டி இடதுபுறம் திரும்பப் போகிறது என்று நினைத்து அவர் முன்னேறிவிடுவார். நான்கும் ஒன்றாக மின்னும் இந்த ஹசார்டு விளக்கு, பழுதாகி நிற்கும் வண்டிக்கானது. நேராகப் போக எந்தச் சைகையும் தேவையில்லை.

நெடுஞ்சாலையில் ‘முந்திப் போ’ என்று சொல்ல வலது இண்டிகேட்டர் போடும் லாரி ஓட்டுநர்கள் உண்டு. அடுத்த லாரி அதே விளக்கைப் போட்டு நிஜமாகவே வலதுபுறம் திரும்பும்போது, முந்த வந்தவர் நேராக அதில் மோத நேரிடும்.

பல இருசக்கர வாகனங்களில் இண்டிகேட்டர் தானாக அணையாது. திரும்பியதும் மறக்காமல் அணைக்க வேண்டும்.

பல்பு போய்விட்டால்?

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக மின்னினால் பெரும்பாலும் ஒரு பல்பு போயிருக்கும். மாற்றும்வரை கை சைகை காட்டலாம்: வலதுபுறம் திரும்ப, உள்ளங்கை முன்பக்கம் பார்க்க வலது கையை நேராக நீட்ட வேண்டும், இடதுபுறம் திரும்ப, நீட்டிய வலது கையை இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும்.

லைசென்ஸ் தேர்வில் இந்தச் சைகைகளும் சோதிக்கப்பட வேண்டும் என்பது விதி. தேர்வு மைதானத்தோடு அது நின்றுவிடக் கூடாது. ஹெல்மெட் அணியாதவரை நிறுத்திக் கேட்கும் போக்குவரத்துக் காவலர், இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறுபவரையும் நிறுத்திக் கேட்க வேண்டும்.