தீப்புண்ணுக்கு மீன்தோல்

மீனின் தசையை விற்றபின் தோலைக் குப்பையில் எறிவது மீன் வளர்ப்போர் வழக்கம். இவ்வாறு கழிக்கப்படும் தோல் தீப்புண்ணுற்றோரின் வேதனையைத் தணிக்க உதவுமென்பதைப் பிரேஸில் தேசத்து வைத்தியர்கள் காட்டியுள்ளனர்.

தீயால் தோல் அழிந்த இடத்தை மூடாவிடில் உடலின் நீர் கசிந்து போகும், கிருமிகளும் உட்புகும். சில நாடுகளில் இறந்தோர் உதவிய மனிதத் தோலையோ, பன்றித் தோலையோ தற்காலிகமாகப் போர்த்துவதுண்டு. பிரேஸிலில் மனிதத் தோல் போதிய அளவு கிடைப்பதில்லை. ஆதலின் வெள்ளி உப்புக் கலந்த களிம்பைத் தடவித் துணியால் கட்டுவதே அங்கு வழக்கமாயிருந்தது. அக்கட்டை அடிக்கடி அவிழ்த்து மாற்றுங்கால் நோயாளி படும் துன்பம் பெரிது.

இக்குறையை நீக்கும்பொருட்டு, ஸியாரா மத்திய ஸர்வகலாசாலையில் டாக்டர் எட்மார் மாசியேல் முதலியோர் நைல் திலாப்பியா என்னும் வளர்ப்பு மீனின் தோலை ஆராய்ந்தனர். நம் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என வழங்குவது இதற்கு நெருங்கிய இனமாகும். இத்தோலில் கொலாஜன் என்னும் புரதம் மிகுதி. ஈரத்தைக் காக்கும் தன்மையும், எளிதிற் கிழியாத உறுதியும் உண்டு. 2016-ஆம் ஆண்டு முதல் போர்ட்டலேஸா நகரில் நோயாளிகளுக்கு இதனை இட்டுச் சோதித்தனர். ஆழமில்லாத புண்ணில் ஒட்டிய தோலை, ஏறத்தாழ 10 நாட்களில் புண் ஆறும்வரை அப்படியே விட்டுவைக்கலாம். தினந்தோறும் கட்டு மாற்றும் வேதனை இல்லை.

பிராணிகளுக்கும் இது பயன்பட்டது. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில், கலிபோர்னியாவில் மூண்ட காட்டுத்தீயில் பாதம் வெந்த இரு கரடிகளுக்கு மிருக வைத்தியர்கள் திலாப்பியாத் தோலைத் தைத்து, மேலே சோளமடல் சுற்றினர். துணிக்கட்டை விலங்கு கடித்து விழுங்கினால் குடல் அடைபடும். மீன்தோலை விழுங்கினும் அந்த அபாயம் இல்லை. 2018 ஜனவரியில் அக்கரடிகள் மீண்டும் காட்டில் விடப்பட்டன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. வைத்தியர் இடும் தோல், செதிலும் தசையும் நீக்கி, கிருமிநாசினியாற் கழுவி, கிளிஸரினில் ஊறவைத்து, கதிர்வீச்சினால் சுத்தி செய்யப்பட்டது. குளத்து மீனின் பச்சைத் தோலைப் புண்மேல் இடுதல் கிருமிகளை வலிய அழைப்பதாகும். தீப்பட்டவுடன் அவ்விடத்தில் 20 நிமிஷம் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, சுத்தமான துணியால் மூடி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. மசி, மாவு, எண்ணெய் முதலியன தடவலாகாது. கிராம அதிகாரிகள் இதனை யாவர்க்கும் எடுத்துரைப்பாராக.