ஆறு ரத்த மாதிரிகளும் ஒரு டாக்டரம்மாவும்

வெளிநாட்டு வேலைக்கு 'மெடிக்கல்' எடுக்கப் போகும் பையன்கள் ராதாபுரம் வட்டாரத்தில் வருஷம் முழுக்க உண்டு. கூடங்குளம், இடிந்தகரைப் பக்கம் கடல் தொழில் தெரிந்தவர்கள் வளைகுடாவில் படகேறுகிறார்கள். வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் அங்கே கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். முந்தைய தலைமுறைக்குப் பம்பாய்தான் போக்கிடம். தாராவியில் தெருத்தெருவாகக் குடியேறியவர்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். இப்படி ஆள் போய்வருகிற மண்ணில் எச்.ஐ.வி. யாரோ எவருக்கோ வரும் நோயாக இருக்க முடியாது. வளைகுடா மெடிக்கலில் எச்.ஐ.வி. பரிசோதனையும் உண்டு. தன் ரத்தத்தில் கிருமி இருப்பதைச் சிலர் முதன்முதலில் தெரிந்துகொள்வது அந்தத் தாளில்தான்.

அந்தத் தாளைக் கையில் வாங்குகிறவருக்கு இன்று மாத்திரை இருக்கிறது, அதுவும் இலவசமாக. அது எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனால், 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் இருந்த ஒரு பேராசிரியையிடம் போய் நிற்போம். பெயர் சுனிதி சாலமன்.

சென்னையில் குடியேறிய மராட்டிய வியாபாரக் குடும்பம். தோல் வணிகரான கைடொண்டேவின் மகள். சின்ன வயதில் வருஷத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போட வீட்டுக்கு வரும் சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் மருத்துவ ஆசை வந்ததாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். இருதய அறுவைச் சிகிச்சை நிபுணரான விக்டர் சாலமனை மணந்தார். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பயிற்சி பெற்றுவிட்டு 1973-ல் கணவரோடு ஊர் திரும்பினார். அதுவரை, நன்றாகப் படித்த எந்த டாக்டரின் வரலாறும்தான் இது.

எண்பதுகளின் நடுவில் எய்ட்ஸ் என்றால் அமெரிக்காக்காரன் வியாதி என்றே நம் பத்திரிகைகள் எழுதின. நம் நாட்டு ஒழுக்கத்துக்கு அது இங்கே வராது என்று பெரிய மனிதர்களும் பேசினார்கள். சுனிதிக்கு அந்த நிச்சயத்தில் நம்பிக்கை இல்லை. முதுகலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடிய செல்லப்பன் நிர்மலா என்ற மாணவியிடம், சென்னையில் பாலியல் தொழில் செய்யும் பெண்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார் என்றார்.

நிர்மலா கட்டுப்பெட்டியான குடும்பத்துப் பெண். சென்னையில் அப்படியொரு தெரு எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. பொது மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பேச்சுக்கொடுத்து, பிடிபட்ட பெண்களை அடைத்துவைக்கும் அரசுக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கையுறை கிடையாது, பாதுகாப்புக் கவசம் கிடையாது. எதற்கு இந்த ரத்தம் என்று அந்தப் பெண்களுக்கும் யாரும் சொல்லவில்லை. இன்றைய விதிகளின்படி அனுமதியே கிடைக்காத ஆய்வு அது. அந்தப் பெண்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பதைப் பாராட்டுரைகள் வசதியாக விட்டுவிடுகின்றன.

எடுத்த ரத்தத்தைப் பிரித்து, சீரத்தை நிர்மலா தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைத்திருந்தார். எலைசா சோதனைக்கான வசதி சென்னையில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜான் செய்து தரச் சம்மதித்தார். 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு நிர்மலாவும் அவர் கணவரும் இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினார்கள். ஒன்றும் இருக்காது என்ற எண்ணத்தில்தான் போனார்கள். சோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாகின; ரத்தத்தில் கிருமி இருப்பதன் அடையாளம் அது.

மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பியபோதும் அதே முடிவு. அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார்: எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் இருக்கிறது. நம்ப மறுத்தவர்கள் ஏராளம். நிர்மலா ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். அவர் பெயரை நாடு நினைத்துப் பார்க்க முப்பது வருஷம் ஆயிற்று.

சுனிதியும் அப்படித் திரும்பியிருக்கலாம். கட்டுரை எழுதி, மாநாட்டில் வாசித்து, ஓய்வுபெறும் வரை பாடம் எடுத்திருக்கலாம். அவர் நோயாளிகள் பக்கம் போனார். டாக்டர்களே தொடத் தயங்கிய காலம் அது. பிரசவ வார்டில் ரிசல்ட் தெரிந்ததும் பெண்ணை வெளியே அனுப்பிய ஆஸ்பத்திரிகள் இருந்தன. இந்த நோயாளிகளோடு வேலை வேண்டாமே என்று கணவருக்கும் முதலில் தயக்கம். அவர்கள் கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்று இவர் பதில் சொன்னதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1993-ல் அரசு வேலையை விட்டு, தந்தை பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைச் சென்னையில் தொடங்கினார். பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை, ஆராய்ச்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

அங்கே வந்த பெண்களின் கதைகள்தான் அவரை உலுக்கின. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டோடு இருந்த மனைவிமார். கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். சுனிதி குழுவினர் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். ஒழுக்கமாக இருந்தால் வராது என்று சுவர் சுவராக எழுதிவைத்த அறிவுரை, இந்தப் பெண்கள் முன்னால் அர்த்தமற்றுப் போனது. நம் ஊரில் பம்பாய்க்குப் புருஷனை அனுப்பிவிட்டு வருஷத்துக்கு ஒரு கோயில் கொடைக்கு அவன் வருவதற்காகக் காத்திருந்த பெண்களை எண்ணிப் பார்த்தால் இது புரியும்.

மருந்தின் கதை தனி. கூட்டு மருந்து 1996-லேயே வந்துவிட்டது. வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். இங்கே யார் வாங்குவது? 2001-ல் இந்திய நிறுவனமான சிப்லா, தொண்டு அமைப்புகளுக்கு அதை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலகையே அசைத்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசே இலவசமாகத் தரத் தொடங்கியது. முதல் எட்டு மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அந்த வளாகம் எத்தனை தென்மாவட்டக் குடும்பங்களுக்குக் கடைசி நம்பிக்கையாக இருந்தது என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மாத்திரை உயிரைக் காப்பாற்றியதும் வேறொரு ஆசை தலைதூக்கியது. கல்யாணம். கிருமி உள்ள பையனுக்குக் கிருமி உள்ள பெண்ணைப் பார்த்து முடித்துவைக்கும் தரகு வேலையையும் சுனிதி ஏற்றுக்கொண்டார். மதம், படிப்பு, சம்பளம் எல்லாம் பொருத்தம் பார்த்தார். ஜாதகத்தின் இடத்தில், ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்களைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை. 'லவ்சிக்' என்ற ஆவணப்படம் இதைப் பற்றியதுதான். அவர் செய்த வைத்தியத்திலேயே இதைத்தான் நான் உயர்வாக வைப்பேன். உயிரோடு இருந்தால் போதாதா என்று நோயாளியைப் பார்த்துக் கேட்காத டாக்டர் அவர்.

ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து துணைக்குக் கிருமி பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் உலகுக்குக் காட்டிய பன்னாட்டு ஆய்வில் இவரது சென்னை மையமும் பங்கேற்றது. ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்துவிட்டால் உடலுறவு வழியாகப் பரவாது என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. 2015 ஜூலை 28-ல் சுனிதி காலமானார். பத்மஸ்ரீ 2017-ல் வந்தது, அவர் போன பிறகு.

அவர் போராட்டத்தில் ஒரு பாதி கிருமியோடு, மறுபாதி அவமானத்தோடு. இரண்டாவது இன்னும் முடியவில்லை. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்குக் கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தன் நிலை தெரிந்தது வெளிநாட்டு வேலைக்கான சோதனையில்தான். தெரிந்ததும் அவரே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னார்; பிறகு உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தைக்குக் கிருமி இல்லை. மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்தது. அந்தப் பையனிடம், தம்பி, இதற்கு மாத்திரை இருக்கிறது, நீ கல்யாணம் கட்டிப் பிள்ளை பெறலாம் என்று உரிய நேரத்தில் உட்காரவைத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

இன்றும் தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று பக்கத்து ஆஸ்பத்திரியை விட்டுத் தொலைவூர் மையத்தில் மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. பஸ்ஸுக்கும் நாள்கூலிக்கும் கணக்குப் பார்த்து ஒரு மாதம் விட்டால், மருந்துக்குக் கிருமி பழகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஒருவர் நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்வதும், அதைக் காரணம் காட்டி வேலையோ சிகிச்சையோ மறுப்பதும் 2018 செப்டம்பர் முதல் சட்டப்படி தடை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். சந்தேகம் கேட்க 1097-க்குப் போன் செய்யலாம், கட்டணமில்லை. வளைகுடா மெடிக்கல் வரும்வரை காத்திருக்காமல் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.