அம்மா போட்டுக்கொள்ளும் ஊசி குழந்தையின் காதைக் காக்குமா?

எங்கள் தெருவில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி போன வாரம் என்னிடம் கேட்டாள். "அக்கா, நாம டி.டி. ஊசி போட்டுக்கிட்டா பொறக்கிற குழந்தைக்கு ரண ஜன்னி வராதுங்கறாங்களே, அதே மாதிரி குழந்தைக்குக் காதுல சீழ் வராம இருக்க நமக்கு ஒரு ஊசி கிடையாதா?"

அவள் சும்மா கேட்கவில்லை. மூத்த பையனுக்கு எட்டாம் மாதத்தில் காது ஒழுக ஆரம்பித்து, இரண்டு வயது வரை விட்டு விட்டு வந்தது. இப்போது ஒன்றாம் வகுப்பு. டீச்சர் பின்னாலிருந்து கூப்பிட்டால் அவனுக்குச் சரியாகக் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் 'கவனம் இல்லாத பிள்ளை' என்று பேர் வாங்கிவிட்டான்.

அவள் கேள்வி நியாயமானதுதான். நம் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பு சக்தி, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. டி.டி. ஊசியின் சூட்சுமம் அதுதான். (இப்போது போடுவது டெட்டனஸோடு தொண்டை அடைப்பானையும் தடுக்கும் ஊசி. நம் வாய்க்கு ரெண்டுமே டி.டி.தான்!) இந்த ஊசியாலும் ஆஸ்பத்திரிப் பிரசவத்தாலும்தான், பச்சைக் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த ரண ஜன்னி நம் நாட்டில் 2015-ல் பெருமளவு ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பங்களாதேஷில் 2004, 2005-ல் 340 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஃப்ளூ காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு அந்தக் காய்ச்சல் 63 சதவீதம் குறைந்தது.

காதுக்கும் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் பூர்வகுடிக் குழந்தைகளுக்குக் காதில் சீழ் வருவது மிக அதிகம். அங்கே 2006-லிருந்து 2011 வரை 227 தாய்மார்களைச் சேர்த்து, சிலருக்குக் கர்ப்பத்திலும் சிலருக்குப் பிரசவம் ஆனதும் நிமோகாக்கல் ஊசி போட்டார்கள். காதில் சீழ் பிடிக்க வைக்கும் முக்கியமான கிருமிகளில் ஒன்று இந்த நிமோகாக்கஸ். குழந்தைகளின் ஏழாம் மாதத்தில் காதைப் பரிசோதித்தால், சொல்லும்படியான பலன் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டாவில் வேறு வகை ஊசியை வைத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2014-ல் வந்தது. அதிலும் பலன் இல்லை, சொல்லப்போனால் ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கே காது நோய் கூடுதலாக வந்திருந்தது.

அம்மா கொடுத்த எதிர்ப்பு சக்தி சில மாதங்களில் கரைந்துவிடும். காதுத் தொல்லை அதிகம் வருவதோ ஆறு மாதத்துக்கு மேல். நாம் கட்டிக் கொடுத்த சோறு வழியிலேயே தீர்ந்துபோகிற மாதிரி! ஆகவே அவளுக்கு என் பதில், "காதுக்கென்று நமக்கு ஊசி இல்லம்மா, குழந்தைக்குத்தான் இருக்கு."

அந்த நிமோகாக்கல் ஊசி தமிழ்நாட்டில் 2021 ஜூலையிலிருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். வெளியில் ஆயிரக்கணக்கில் செலவாகும். நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் தடுக்கத்தான் முக்கியமாகப் போடுகிறார்கள், காதுக்கும் ஓரளவு பாதுகாப்பு. வேறு கிருமிகளாலும் காதில் சீழ் வரும் என்பதால் போட்டால் வரவே வராது என்று சொல்ல முடியாது.

இதில் நம் வீட்டு வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. இந்த ஊசி 45-ஆம் நாள், 105-ஆம் நாள், பிறகு ஒன்பதாம் மாதம் போட வேண்டும். 45-ஆம் நாள் அம்மா வீட்டில் தப்பாமல் போட்டுவிடுவார்கள். நாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போவது மூணாம் மாசம், இல்லாவிட்டால் அஞ்சாம் மாசம். 105-ஆம் நாள் சரியாக அதற்கு நடுவில் வருகிறது! "அங்க போய்ப் போட்டுக்கலாம்" என்று இவர்களும், "அங்கயே போட்டிருப்பாங்க" என்று அவர்களும் இருந்துவிடுகிறார்கள். என் பக்கத்து வீட்டு மூத்த பையனுக்கு விட்டுப்போன கதை இதுதான். எந்த ஊரில் இருந்தாலும் தடுப்பூசி அட்டையோடு புதன்கிழமை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போடுவார்கள். நாள் தவறியிருந்தாலும் நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.

ஊசி தவிர நம் கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பாட்டில் பால் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுங்கள். மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாய் குழந்தைக்குக் குட்டையாக, படுக்கை வாட்டத்தில் இருப்பதால், படுக்கப் போட்டுக் கொடுத்தால் பால் அந்தப் பக்கம் ஏறும். தலைக்கு ஊற்றியதும் காதிலும் மூக்கிலும் ஊதுவது, சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டுவது, இரண்டையும் விட்டுவிடலாம். மாமியார் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். வீட்டுக்குள் பீடி பிடிக்கிறவர்களை வாசலுக்கு அனுப்புங்கள்.

குழந்தை ராத்திரி வீறிட்டு அழுது, காதைப் பிடித்து இழுத்து, பால் குடிக்க மறுத்தால் பூண்டு காய்ச்சிய எண்ணெயோ தாய்ப்பாலோ காதில் விடாதீர்கள். ஒழுகினால், சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக்கி, காது ஓரத்தில் வைத்து ஈரத்தை உறிஞ்சவிட்டு எடுங்கள். பட்ஸ், தீக்குச்சி எதுவும் உள்ளே போகக்கூடாது. டாக்டரிடம் காட்டி, அவர் சொன்ன நாள்வரை மருந்து கொடுங்கள். காதுக்குப் பின்னால் வீங்கியிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பையனைத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதுவரை முதல் பெஞ்சில் உட்கார வைக்கும்படி டீச்சரிடமும் பேசியாயிற்று.

- ஒரு வாசகி, கீழ்பென்னாத்தூர்.