நீர்க்கட்டியா, கழலையா?

முத்துச்சிப்பியினுள் முத்து விளைவது மெல்லிய பை ஒன்றில். 1973-இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் ஆராய்ச்சியாளர் முத்து வளர்த்தபோதும், சிறு மணியுடன் வேறொரு சிப்பியின் மேலுறைத் துண்டைச் சேர்த்து வைத்து அப்பையையே உண்டாக்கினர். நம் உடலில் தோன்றும் நீர்க்கட்டியும் ஏறக்குறைய இத்தகையது: சுற்றிலும் சுவர், உள்ளே நீரோ கூழோ. கீறி வடித்தாலும், பை நின்றுவிட்டால் மீண்டும் நிரம்பக்கூடும்.

கழலை அவ்வாறன்று, உயிரணுக்களே வரம்பின்றிப் பெருகித் திரண்டது. கொழுப்புக் கழலைபோல் இருந்த இடத்திலேயே தங்குவதும் உண்டு. பிற உறுப்புகளுக்குப் பரவும் புற்றும் உண்டு. "வலிக்கவில்லையே" என்று பச்சிலை வைத்துக் கட்டி மாதங்களைக் கழிக்கும் அங்கத்தினர் சிலரை அறிவேன். வலிப்பது பெரும்பாலும் சீழ்க்கட்டி. புற்றோ தொடக்கத்தில் பல வேளை வலியின்றியே வளரும். விரலால் அழுத்தி இதனை அறிய இயலாது. உள்ளே இருப்பது நீரா சதையா என்பதை ஸ்கேன் படம் காட்டும். சதையெனில், ஊசியால் எடுத்த அணுக்களையோ சிறு திசுவையோ நுண்பெருக்கியில் கண்டே மருத்துவர் துணிவர். ஊசி பட்டால் புற்று பரவும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வாறு நேர்வது மிக அரிது.